கெர்னல் கேட்ட கேள்விகள்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் நெடுஞ்சாலையில், சூளகிரிப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் ரொம்ப வருஷமாகப் பார்த்துப் பழகிய ஒரு காட்சி உண்டு. பாடி கட்டாத லாரி சேசிஸ். எஞ்சின் இருக்கும், சக்கரம் இருக்கும், ஸ்டீயரிங் இருக்கும். கதவு, கூரை, கண்ணாடி எதுவும் இருக்காது. டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு காற்றில் கண்ணைச் சுருக்கியபடி ஓட்டிப் போவார். 1980-ல் ஓசூரில் அசோக் லேலண்ட் ஆலை வந்த பிறகு இந்த ரோட்டுக்கு இது சகஜம். வண்டி சேலம் தாண்டி நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளுக்குப் போகும். அது டேங்கரா, கோழித்தீவன லோடு வண்டியா என்பது அங்கேதான் முடிவாகும்.

லினக்ஸ் கெர்னலும் ஒரு சேசிஸ்தான். இயங்குதளம் என்று நாம் சொல்வதில் திரை, மெனு, படங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்துகொண்டு பிராசஸர், மெமரி, ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றை மேய்க்கிற மையப்பகுதி அது. அதன் மூல நிரல் எல்லோருக்கும் ஒன்றே. ஆனால் அதைக் கம்பைல் செய்வதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. எந்தப் பிராசஸர், எந்த சவுண்டு கார்டு, எந்த நெட்வொர்க், எது வேண்டும், எது வேண்டாம் என்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பதில்கள் 'டாட் கன்ஃபிக்' என்ற சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் போய் உட்காரும். காமர்ஸ்காரர்களுக்குப் புரிகிற பாஷையில் சொன்னால், அது ஒரு பர்ச்சேஸ் ஆர்டர். அதில் இல்லாதது வண்டியில் வராது.

இந்த ஆர்டரை யார் எழுதினார்கள் என்பதுதான் இங்கே சொல்லப்போகிற கதை.

முதலில் எழுதியது இரண்டே பேருக்காக. 1991 செப்டம்பரில் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட 0.01 பதிப்பு மொத்தமே பத்தாயிரம் வரி சொச்சம். அதில் கன்ஃபிக் என்ற பெயரில் ஒரு குட்டிக் கோப்பு இருந்தது. அதற்குள் இரண்டு தேர்வுகள்: 'லினஸ் ஹார்ட் டிஸ்க்', 'லாசு ஹார்ட் டிஸ்க்'. லாசு என்பது லினஸின் நண்பர் லார்ஸ் விர்ஸீனியஸின் செல்லப்பெயர். லினஸின் மெஷின் என்றால் மெமரி 8 எம்பி, லாசுவுடையது என்றால் 4 எம்பி. அவ்வளவுதான். உலகத்தில் மூன்றாவதாக ஒருவரிடம் கணினி இருந்தால் அவரே கோப்பைத் திறந்து திருத்திக்கொள்ள வேண்டியதுதான். கீபோர்டும் பின்லாந்துக் கீபோர்டு. அமெரிக்கக்காரனுக்கே அது சரிப்படவில்லை என்றால் சூளகிரிக்காரன் எந்த மூலைக்கு? அடுத்தடுத்த பதிப்புகளில் கீபோர்டையும் தேர்வாக்கினார்கள். மற்றவர்கள் உள்ளே வர வர, கேள்விகளும் உள்ளே வந்தன.

1994 மார்ச்சில் 1.0 வந்தபோது நிரல் 1,76,250 வரிகளாக வளர்ந்திருந்தது. இனிக் கோப்பைக் கையால் திருத்துகிற கதை நடக்காது. 'மேக் கன்ஃபிக்' என்று தட்டினால் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓடி, ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கும். ஒய் என்றால் வேண்டும், என் என்றால் வேண்டாம். இந்த ஸ்கிரிப்டை முதலில் எழுதியவர் ரேமண்ட் சென். கெர்னலோடு வரும் நன்றிப் பட்டியலில் அவர் பெயருக்குக் கீழே இருக்கும் மின்னஞ்சல் முகவரி எது தெரியுமா? மைக்ரோசாஃப்ட் முகவரி! பிற்காலத்தில் விண்டோஸ் பற்றி எழுதியே புகழ்பெற்ற அதே ரேமண்ட் சென்தான். லினக்ஸ் ரசிகர்களும் விண்டோஸ் ரசிகர்களும் இணையத்தில் அடித்துக்கொண்ட காலத்தில் இதை யாராவது ஞாபகப்படுத்தியிருக்கலாம் :-)

அந்தக் கேள்வி பதில் முறையில் ஒரு கொடுமை உண்டு. பின்னால் போக முடியாது. எண்பதாவது கேள்வியில் இருக்கும்போது பத்தாவதுக்குத் தப்பாகப் பதில் சொன்னது நினைவுக்கு வந்தால், நிறுத்திவிட்டு முதலிலிருந்து. ரயில்வே ரிசர்வேஷன் ஃபாரத்தில் வயசைத் தப்பாக எழுதிவிட்டு மறுபடி வரிசையில் நிற்பது மாதிரி. 1996-ல் வந்த 2.0-க்குள் இதற்கு இரண்டு மாற்று வழிகள் சேர்ந்தன. நீலத் திரையில் சாம்பல் பெட்டிக்குள் மெனுவாகக் காட்டும் 'மெனுகன்ஃபிக்' ஒன்று, மவுஸால் அழுத்தும் 'எக்ஸ்கன்ஃபிக்' இன்னொன்று. அதற்குள் ஒய், என் தவிர மூன்றாவது பதிலும் வந்துவிட்டது: எம், அதாவது மாட்யூல். கெர்னலுக்குள்ளேயே வைத்துத் தைக்காதே, தனியாகச் செய்து வை, தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளலாம் என்று பொருள். இந்த எம் பின்னால் பெரிய வேலை செய்யப்போகிறது.

இந்தியாவில் லினக்ஸ் பரவியதில் பிசிக்வெஸ்ட் பத்திரிகையோடு வந்த சிடிக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1990-களின் இரண்டாம் பாதியில் டயல்-அப் இணைப்பில் ஒரு சிடி அளவு இறக்குவது கனவிலும் நடக்காது. அந்தச் சிடிக்களுக்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் பெங்களூரின் அதுல் சிட்னிஸ். 2001-ல் தொடங்கிய லினக்ஸ் பெங்களூர் மாநாடுகளிலும் (2005 முதல் ஃபாஸ் டாட் இன்) அவர் பங்கு பெரியது. 2013-ல் காலமானார். சிடி கையில் கிடைத்துவிட்டது, சரி. லினக்ஸ் ஏறிய பிறகுதான் கூத்து. சவுண்டு வராது. மோடம் வேலை செய்யாது, ஏனென்றால் மலிவு விலை மோடங்களில் பாதி வேலையை விண்டோஸ் மென்பொருள்தான் செய்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும்விட, அதே கணினியில் இருக்கும் விண்டோஸ் என்டிஎஃப்எஸ் டிரைவைத் திறக்க முடியாது. திறப்பதற்கான நிரல் கெர்னலில் இருந்தது. ஆனால் ரெட் ஹேட் நிறுவனம் தன் கெர்னலில் அந்தக் கேள்விக்கு என் என்று பதில் சொல்லியிருந்தது. காப்புரிமை வம்பு வரலாம் என்ற எச்சரிக்கை. அமெரிக்காவில் ஒரு வக்கீலுக்கு வந்த பயம், இங்கே ஒரு பையனின் டி டிரைவைப் பூட்டி வைத்தது.

அதனால் கெர்னலைக் கம்பைல் செய்யத் தெரிவது அன்றைக்கு ஒரு தகுதி மாதிரி. ராத்திரி உட்கார்ந்து மெனுகன்ஃபிக்கில் பதில் சொல்லி, கம்பைலை ஓடவிட்டுத் தூங்கப்போய், காலையில் எழுந்து பூட் ஆகிறதா என்று பார்ப்பது. ஆகவில்லை என்றால் ஹார்ட் டிஸ்க்குக்கோ ஃபைல் சிஸ்டத்துக்கோ என் சொல்லிவிட்டிருப்பார்கள்.

இங்கேதான் பெரிய சண்டை வந்தது. விரிவாகவே சொல்ல வேண்டிய சண்டை.

மேலே சொன்ன மூன்று வழிகளும் ஒரே கேள்விப் பட்டியலைத்தான் படித்தன. ஆனால் மூன்றுக்கும் மூன்று தனித்தனி நிரல்கள், மூன்றும் அதை மூன்று விதமாகப் புரிந்துகொண்டன. ஒன்றில் வரும் கேள்வி இன்னொன்றில் வராமல் போகும். விளக்கக் குறிப்புகளோ எல்லாம் சேர்த்து ஒரே ஒரு ராட்சதக் கோப்பில். 2000-ல் எரிக் ரேமண்ட் இதைச் சரிசெய்யக் கிளம்பினார். திறமூல இயக்கத்தில் அவர் பெரிய பெயர். 'தி கதீட்ரல் அண்ட் தி பஜார்' எழுதியவர். சிஎம்எல்2 என்ற புது முறையைப் பைத்தான் மொழியில் எழுதினார். நீங்கள் ஒன்றுக்கு ஒய் சொன்னால் அதனால் வேறு எதெல்லாம் சாத்தியம், எதெல்லாம் சாத்தியமில்லை என்று தர்க்கப்படி அதுவே கண்டுபிடிக்கும். 2001 மார்ச்சில் சான் ஹோசேயில் கூடிய கெர்னல் நிபுணர்கள், அடுத்த 2.5 வரிசையில் இதைச் சேர்க்கலாம் என்று பேசி முடித்தார்கள்.

சேர்க்கவில்லை. கெர்னலைக் கம்பைல் செய்ய இனிப் பைத்தானும் வேண்டுமா என்று பலர் முறைத்தார்கள். மெதுவாக ஓடுகிறது என்றார்கள். ஒரே அடியாக எல்லாவற்றையும் மாற்றுகிறார் என்றார்கள். நடுவில் ரேமண்ட், 'டில்லி அத்தை' என்று ஒரு கற்பனைப் பாத்திரத்தைக் கொண்டுவந்தார். கணினி பற்றி ஒன்றுமே தெரியாத அத்தையும் தன் கெர்னலைத் தானே கம்பைல் செய்ய முடிய வேண்டும், மெஷினில் என்ன இருக்கிறது என்று மென்பொருளே கண்டுபிடித்துப் பதில்களை நிரப்ப வேண்டும் என்பது அவர் வாதம். மற்றவர்கள் சிரித்தார்கள். அத்தை எதற்குக் கெர்னல் கம்பைல் செய்ய வேண்டும்? டிஸ்ட்ரிபியூஷன்காரன் செய்து தருவதை வாங்கிக்கொண்டு போகட்டுமே என்றார்கள். 2002 தொடக்கத்தில் ரேமண்ட் கைவிட்டார்.

அதே 2002 அக்டோபர் கடைசியில் ரோமன் ஸிப்பல் எழுதிய வேறொரு முறையை லினஸ் 2.5.45-ல் சேர்த்துக்கொண்டார். சி மொழியில் எழுதியது, கூடுதலாக எதுவும் நிறுவ வேண்டாம். ஒவ்வொரு அடைவிலும் 'கேகன்ஃபிக்' என்று ஒரு கோப்பு. அதில் கேள்வி, அது எதைச் சார்ந்தது, விளக்கம், டீஃபால்ட் பதில் எல்லாம் ஒரே இடத்தில். பழைய பட்டியலைப் புதியதாக மாற்றித்தரும் கருவியையும் அவரே எழுதியிருந்தார். கர்ஜனை இல்லாமல் வேலையை முடித்த மனிதர். 2003 டிசம்பரில் 2.6 வெளியானபோது எல்லோர் கைக்கும் அது வந்து சேர்ந்தது. இன்றும் அதே முறைதான். கேள்விகள் மட்டும் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டன.

சண்டையில் தோற்றது ரேமண்டின் நிரல். ஆனால் டில்லி அத்தை கேள்வியும் அன்றைக்கே ஒரு பக்கமாக முடிவாகிவிட்டது: சாதாரண ஜனங்கள் பதில் சொல்ல வேண்டாம், அவர்களுக்காக வேறு யாராவது சொல்வார்கள். நடைமுறையில் அது நியாயமான முடிவுதான், நாமக்கல் போகாமல் யாரும் வீட்டு வாசலில் லாரிக்குப் பாடி கட்டுவதில்லை. ஆனால் பட்டறையில் லாரி முதலாளி பக்கத்தில் நின்று இப்படி வை, அப்படி வை என்று சொல்வார். இங்கே அது கிடையாது.

தமிழ்நாட்டிலேயே அப்படி ஒரு பட்டறை எழுந்தது. மத்திய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை 2005-ல் சென்னையில் என்ஆர்சிஃபாஸ் மையத்தைத் தொடங்கியது. சி-டாக் சென்னைப் பிரிவும், குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் இருக்கும் ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் அதை நடத்தின. அங்கே உருவாகி 2007-ல் வெளியானது பாஸ் லினக்ஸ். டெபியனை அடிப்படையாகக் கொண்டது, தமிழ் உட்பட இந்திய மொழிகளில் மெனுக்கள். 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி தரத் தொடங்கியபோது அவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. முதல் ஆண்டுக்கான கணக்கே 9 லட்சத்துக்கு மேல்.

ஒன்பது லட்சம் மெஷின் என்றால் எந்த மெஷினுக்கு என்ன பதில்? டிஸ்ட்ரிபியூஷன்கள் கண்டுபிடித்த வழி, முடிந்த இடத்தில் எல்லாம் எம். சவுண்டு கார்டு நூறு வகையா? நூறுக்கும் எம். கணினி தொடங்கும்போது எது இருக்கிறதோ அதற்கான மாட்யூல் மட்டும் ஏறிக்கொள்ளும், மற்றதெல்லாம் டிஸ்க்கில் தூங்கும். டில்லி அத்தைக்காக ரேமண்ட் கேட்டது கிட்டத்தட்ட இதுதான், வேறு பாதையில் வந்து சேர்ந்தது. அத்தைகளுக்கு வேலை மிச்சம்.

ஆனால் எல்லாக் கேள்வியும் சவுண்டு கார்டு மாதிரி இல்லை. தமிழ் சம்பந்தப்பட்ட ஒரு கேள்வி அந்தப் பட்டியலுக்குள் ஆழத்தில் கிடந்தது.

பென்டிரைவில் 'கடிதம்' என்று தமிழில் பெயர் வைத்து ஒரு கோப்பைச் சேமிக்கிறார் ஒருவர், விண்டோஸில். அதை லினக்ஸில் கட்டளை கொடுத்து மவுன்ட் செய்தால் பெயர் இருக்கும் இடத்தில் ஆறு கேள்விக்குறிகள். (க, ட, இகரக் குறி, த, ம, புள்ளி: எண்ணிப் பார்த்தால் ஆறு.) பென்டிரைவில் எழுத்து கெடவில்லை. ஃபேட் முறையில் நீளமான பெயர்கள் யுனிகோடாகத்தான் பதிவாகின்றன. கெர்னல் அதை எடுத்துப் பயனரிடம் எந்தக் குறியீட்டில் கொடுப்பது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு டீஃபால்ட் பதில் 'ஐஎஸ்ஓ 8859-1', அதாவது மேற்கு ஐரோப்பிய எழுத்துகள். அதில் தமிழ் கிடையாது. இல்லாத எழுத்துக்கெல்லாம் ஒரு கேள்விக்குறி.

அப்படியானால் யுடிஎஃப்-8 என்று மாற்ற வேண்டியதுதானே? மாற்றலாம். ஆனால் ஃபேட் கோப்புகளுக்கு அது பரிந்துரைக்கத் தக்கதல்ல என்று கேள்வியின் விளக்கக் குறிப்பிலேயே எழுதியிருந்தார்கள். காரணம் என்ன தெரியுமா? ஃபேட் முறையில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றாகவே கருதப்பட வேண்டும். கெர்னலின் யுடிஎஃப்-8 அட்டவணையில் அந்தப் பொருத்தம் இல்லாததால் இரண்டும் வேறு வேறு பெயராகிவிடும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேச்சே இல்லாத ஒரு மொழிக்கு, அந்த வித்தியாசத்தால் கேள்விக்குறி கிடைத்தது! இதில் சதி எதுவும் இல்லை. கேள்வியை எழுதியவர்களின் பென்டிரைவில் தமிழ்ப் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

சுற்றுவழி இருந்தது. மவுன்ட் செய்யும்போது யுடிஎஃப்-8 என்று தனியாக ஒரு சொல் சேர்த்தால் தமிழ் ஒழுங்காகத் தெரியும், எழுத்துப் பொருத்தமும் கெடாது. டெஸ்க்டாப்புகள் பென்டிரைவைத் தானாகத் திறக்கும்போது இதைச் சேர்த்துவிட்டன, ஆகவே பலருக்குப் பிரச்சினையே தெரியாமல் போனது. அதையே டீஃபால்ட்டாக வைக்கலாமா என்று கேட்கும் தனிக் கேள்வி பல வருஷம் கழித்துத்தான் பட்டியலில் சேர்ந்தது.

அந்த மெனுவை முழுசாகப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். ரஷ்யனுக்கு இரண்டு மூன்று குறியீடு, ஜப்பானியம், கொரியன், சீனம், தாய்லாந்து, ஹீப்ரூ எல்லாம் தனித்தனி வரி. இந்திய மொழி ஒன்றுகூட இல்லை. தமிழுக்கு அன்றைக்குக் குறியீடு இல்லாமல் இல்லை. டிஸ்கி இருந்தது, 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு ஏற்ற டாம், டாப் இருந்தன. அவற்றில் எழுதிய ஆயிரக்கணக்கான பக்கங்கள் இணையத்தில் இருந்தன. ஆனால் எதுவும் கெர்னல் வரைக்கும் போகவில்லை. குறியீடு பற்றி நமக்குள் நடந்த சண்டையின் சத்தத்தில் அங்கே போய்க் கதவைத் தட்ட ஆளில்லை போல. கடைசியில் தமிழ் கெர்னலுக்குள் போனது யுனிகோட் வாசல் வழியாக மட்டும். யுனிகோடின் முதல் பதிப்பும் தமிழோடுதான் வந்தது, அதுவும் லினக்ஸ் பிறந்த அதே 1991-ல். கேள்விகளையே மொழிபெயர்த்துக் காட்டும் வசதி 2005-ல் கேகன்ஃபிக்கில் சேர்ந்து, 2018-ல் நீக்கப்பட்டது. கேள்வித்தாள் ஆங்கிலத்தில் மட்டும்.

எம் கதை இப்படி என்றால், என் என்ற பதிலுக்கும் ஒரு கதை உண்டு. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனமும் சேர்ந்து வடிவமைத்த சிம்ப்யூட்டர் 2001-ல் காட்சிக்கு வந்தது. ஏழைகளுக்கான கைக்கணினி, உள்ளே லினக்ஸ். ஹார்ட் டிஸ்க் கிடையாது, சில பத்து எம்பி நினைவகம்தான். அங்கே போய் எல்லாவற்றுக்கும் எம் என்றால் இடம் கொள்ளாது. தேவையில்லாத ஒவ்வொன்றுக்கும் என் சொல்லிச் சொல்லித்தான் விலையைக் குறைக்க முடியும். 2004-ல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் அதை 'அமிடா' என்று சந்தைக்குக் கொண்டுவந்தது, பெரிதாக விற்கவில்லை. ஆனால் ஒரு கருவிக்கென்றே அளவெடுத்துத் தைத்த கெர்னல் என்ற வழக்கம் வேறு ரூபத்தில் எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது. 2020-ல் வந்த ஏத்தர் 450எக்ஸ் மின்ஸ்கூட்டரின் டாஷ்போர்டு ஆண்ட்ராய்டில் ஓடுகிறது. 2021-லிருந்து அந்த வண்டிகள் ஓசூர் ஆலையில் தயாராகின்றன. ஆண்ட்ராய்டு என்றால் அடியில் லினக்ஸ் கெர்னல். அதன் கேள்விகளுக்கெல்லாம் பதில் வண்டி ஆலைக்கு வருவதற்கு முன்பே சொல்லியாகிவிட்டது. ஓட்டுகிறவருக்குக் கேள்வி இருந்ததே தெரியாது.

அந்தப் பதில்களைப் பார்க்க யாருக்காவது உரிமை உண்டா? உண்டு. கெர்னலின் உரிமம் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு. கெர்னலைக் கருவிக்குள் வைத்து விற்பவர், கேட்டால் மூல நிரலைக் கொடுக்க வேண்டும். கம்பைல் செய்வதைக் கட்டுப்படுத்தும் ஸ்கிரிப்டுகளும் அதில் சேர்த்தி என்று உரிமத்திலேயே இருக்கிறது. டாட் கன்ஃபிக்கும் அதில் அடங்கும் என்பதுதான் பரவலான புரிதல். 2003-ல் லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்ற வைஃபை ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பதை ஆட்கள் கண்டுபிடித்துக் கேட்கப்போய், நிறுவனம் மூல நிரலை வெளியிட்டது. அதிலிருந்து 2004-ல் ஓபன்டபிள்யூஆர்டி பிறந்தது. அதைக் கட்டுவதற்கும் மேக் மெனுகன்ஃபிக் என்றுதான் தட்டுகிறார்கள்.

கெர்னல் தன் டாட் கன்ஃபிக்கைத் தனக்குள்ளேயே சுருக்கி வைத்துக்கொள்ளட்டுமா என்பதும் பட்டியலில் ஒரு கேள்விதான். ஆண்ட்ராய்டில் சில வருஷங்களாக இதற்கு ஒய் சொல்வது கட்டாயம். ஆகவே பலருடைய போனிலும் அந்த ஆர்டர் ஃபாரம் முழுசாக இருக்கிறது. யூஎஸ்பி வழியாகக் கணினியில் இணைத்து டெவலப்பர் கட்டளை ஒன்றில் பல போன்களில் திறந்து பார்க்கலாம். ஆயிரக்கணக்கான வரிகள். ஒய் என்று பதில் வாங்கியவை நேராக எழுதியிருக்கும். வேண்டாம் என்று சொன்னவற்றின் முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டு, இது வைக்கப்படவில்லை என்று குறிப்பாக எழுதியிருக்கும்.